பாதையெல்லாம் பூ

என் வாயாடிக்கு,

எப்படி இருக்கிறாய்? இங்கே என் மூட்டுவலி உட்பட எல்லோரும் நலம்.

நீ ஜன்னலில் விட்டுப்போன விதையை நடைபாதையின் இரண்டு ஓரங்களிலும் விதைத்தேன். தரையோடு படரும், சின்னச் சின்ன வெள்ளைப் பூ, தேன் வாசனை என்பாயே, அதுதான். "மேல தூவினா போதும்மா, மண்ணைப் போட்டு மூடாதே. அதுக்கு வெளிச்சம் வேணும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் கேட்பேனா? குருவி கொத்தும், வெயில் சுடும் என்று நன்றாக மூடிவிட்டேன். ஓரத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஆனால் என் கை தவறிச் சிந்தியதெல்லாம் நடைபாதைக் கல்லிடுக்குகளில் முளைத்துவிட்டது. கேட்டிலிருந்து வாசற்படி வரை வெள்ளைப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது.

"நீ பொத்திப் பொத்தி வெச்சது எதுவும் வரலை, பாத்தியா?" என்றார் உன் அப்பா. விதையைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலமானால் அந்த வாசனை கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் சொக்கும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் பூ மட்டும் அசைந்துகொண்டிருக்கிறது.

மிதிக்க மனசு வராமல் நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறோம். நீ முன்வாசல் வழியாகவே வா. மிதித்தால் பரவாயில்லை, நிமிர்ந்துகொள்ளும்.

அன்று உன்னோடு வந்தபோது வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினேனே, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அம்மா