தனியாக வைத்த தட்டு

கச்சிராயபாளையம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ராதிகாவுக்கு அப்பா வேடியப்பன் எழுதுவது. திருப்பூரில் நீ சுகமாக இருக்கிறாயா?

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நானே எழுதுகிறேன். ஆறு மாதமாக முதியோர் வகுப்புக்குப் போகிறேன். இப்போது யாரையும் கேட்காமல் டவுன் பஸ் போர்டைப் படித்து ஏறுகிறேன். உனக்கு எழுத உட்கார்ந்து இன்றோடு மூன்று நாள்.

ஒரு வருடமாக எனக்கு இடுப்பில் வட்ட வட்டமாக அரிப்பு. கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் இரண்டு நாள் அடங்கும், பிறகு இன்னும் பெரிதாகப் படரும். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் மெர்லின் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, கண்டதப் பூசி படர்தாமரைய வளத்துக்கினு இருக்கீங்க. இது ஒட்டிக்கும். உங்க துண்ட யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். அரிப்பு நின்றாலும் டாக்டர் சொல்கிற வரை மருந்தை நிறுத்தக் கூடாதாம்.

மருந்து வரிசையில் நிற்கும்போது சுவரில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல, தொட்டால் பரவாது என்று இருந்தது. மறுபடியும் படித்தேன். படிக்கத் தெரிந்த சந்தோஷம் அங்கேயே போய்விட்டது.

மெர்லினிடம் உன் கைகளில் இருக்கும் வெள்ளையைப் பற்றிச் சொன்னேன். தொட்டால் உணர்ச்சி இருந்ததா என்று கேட்டார். உணர்ச்சி இல்லாத தேமல் என்றால்தான் தொழுநோயா என்று பார்க்க வேண்டுமாம், அதுவும் மாத்திரையில் குணமாகிவிடுமாம். ஒருநாள் சோறு வடிக்கையில் உன் வெள்ளைப் புறங்கையில் கஞ்சி தெறித்து நீ துடித்தாய். அதைப் பார்த்த பிறகும் உனக்குத் தனித் தட்டு வைத்தவன் நான்.

இப்போது ஒட்டுகிற நோய் என்னிடம் இருக்கிறது. யாரும் எனக்குத் தனித் தட்டு வைக்கவில்லை.

அம்மாவுக்கு வாய்க்கரிசி போட நீ கை நிறைய அரிசி அள்ளினாய். "நீ தள்ளி நில்லு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அரிசியைத் திரும்ப முறத்திலேயே கொட்டினாய். அதை இனி எப்படித் திருப்பித் தருவேன்?

வெண்புள்ளிக்கும் மருந்து இருக்கிறதாம், தோல் டாக்டரிடம் காட்டு. கை அப்படியே இருந்தாலும் வா. தையில் அம்மாவுக்குத் திவசம். படையல் சோற்றை நீதான் போட வேண்டும். உன் தட்டைப் பரணிலிருந்து இறக்கி, கழுவி, என் தட்டோடு வைத்திருக்கிறேன்.

பதில் வராவிட்டாலும் அடுத்த புதன்கிழமையும் எழுதுவேன். உன் கைகள் நன்றாக இருக்கட்டும், மகளே.

உன் அப்பா,
வேடியப்பன்