உன் அப்பா ஷிமாகிலே ஆன கதை

கோந்தர்

அன்பு மகள் ஹிருத்துக்கு அம்மா எழுதுவது. நீ பக்கத்தில் இல்லாத குறையைத் தவிர எனக்கு வேறு குறையில்லை, கடவுளுக்கு நன்றி. அப்பாவும் நலம், தலைமுடி மட்டும் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரன் அலெம்னே, கஷாவின் மகள் ஸினாஷைக் கட்ட ஆசைப்பட்டு, பெண் கேட்க ஷிமாகிலேயாக வரவேண்டும் என்று அப்பாவிடம் வந்து குனிந்து நின்றான். பெண் கேட்கும் பெரியவரும் ஷிமாகிலே, கிழவனும் ஷிமாகிலே, ஒரே சொல்தானே. இவர் காதில் கிழவன் மட்டும்தான் விழுந்தது. "எவன்டா கிழவன்?" என்று துரத்திவிட்டார். அது மரியாதை என்று நான் மண்டையில் ஏற்றிய பிறகு ஒப்புக்கொண்டார், ஆனால் போகிற அன்று காலை தலைக்குப் புதிதாக டை அடித்துக்கொண்டு, மற்ற இரண்டு பெரியவர்களோடு போனார். கஷாவ் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவங்க ரெண்டு பேர் வந்திருக்கீங்க, சரி. இந்தத் தம்பி யாரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் வேறொரு வீட்டிலிருந்தும் ஸினாஷைக் கேட்டு வருவதாகச் சேதி. அலெம்னே நம் வாசலில் உட்கார்ந்து அழுதான், பாவம். நானே அப்பாவை முடிதிருத்துபவரிடம் இழுத்துப்போய் மொட்டையடிக்க வைத்தேன். மறுநாள் போய், பதில் சொல்லும்வரை உட்கார மாட்டோம் என்று முறைப்படி நின்றார்கள். கஷாவ் வேண்டுமென்றே இழுத்தடித்தார். கடைசியில் அப்பா, "ஐயா, முடியிலதான் பொய் சொன்னேன், முட்டி உண்மையத்தான் சொல்லுது, சீக்கிரம் குடுங்க" என்றாராம். கஷாவ் சிரித்துவிட்டார், பெண்ணையும் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து இவர் தெருவெல்லாம் ஷிமாகிலே, ஷிமாகிலே என்று தன்னையே சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்றுக் கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் நடுவில், என்னைக் காட்டி "இவ என் அரோகித்" என்றார். பழசாகிப் பிய்ந்த செருப்பு அரோகே, கிழவி நான் அரோகித். வயதானால் ஆணுக்குப் பட்டம், பெண்ணுக்குப் பழைய சாமான் பெயரா? பேச்சை நிறுத்தினேன், இன்ஜெரா சுடுவதையும் நிறுத்தினேன். இன்று காலை மூன்று பேர் சமாதானம் பேச வந்தார்கள், முன்னால் நிற்பது அதே கஷாவ். நான் மன்னித்தேன் என்று சொல்லும்வரை உட்கார மாட்டார்களாம். உன் அப்பா கதவுக்கு வெளியே ஒளிந்து நிற்கிறார், நிழல் தெரிகிறது. இதை முடித்துவிட்டுத்தான் பதில் என்று சொல்லியிருக்கிறேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும். அங்கே மழையா, வெயிலா, நீ என்ன சமைக்கிறாய், எல்லாவற்றையும் விவரமாகக் கேட்கவேண்டும், இன்னொரு தாள் எடுக்கிறேன். நிற்கட்டும்.

உன் அம்மா,
யெஷிமெபேத்