பகிடியாக வாசித்த இரண்டு வரிகள்

ஜெர்மனியின் எசன் நகரில் நம்மவர் எல்லோர் வீட்டுச் சாவுக்கும் பாட்டெழுதிக் கொடுத்த என் அண்ணாவுக்கு,

ஒன்றரை வயது மூத்தவன் என்பதற்காக உனக்கு நான் மரியாதை தந்ததில்லை. இப்போதும் நீ என்றுதான் எழுதுகிறேன். உன்மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது.

சிவப்பு விளக்கில் நிற்காமல் காரில் வந்து உன்னை அடித்துத் தூக்கி எறிந்தவன் உயிரோடு இருக்கிறான். கையில் ஒரு சின்னக் கட்டு மட்டும் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து, கத்தியை எடுத்து வெங்காயம் வெட்டும்போதெல்லாம் அவனை நினைக்கிறேன். வெளியே சொன்னால் டொக்டரிடம் கூட்டிப்போய்விடுவார்கள். உனக்குச் சொல்லலாம்தானே?

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிக்கவேண்டும் என்றார்கள். படம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் எல்லாம் வரும் அந்தச் சின்னப் புத்தகம் இல்லாமல் நம்மவர் துக்கம் முடியாது. இத்தனை காலம் எல்லாருக்கும் புலம்பல் எழுதியவன் நீ. உனக்கு யார் எழுதுவது? புத்தகம் அடிக்கும் சிவம் அண்ணை உன்னுடைய பழைய பாட்டுகளையே எடுத்துப் போட்டுவிட்டார்.

மாலா அக்காவின் தமையன் செத்தபோது நீ எழுதிய தங்கை புலம்பல் ஞாபகமிருக்கிறதா?

வாசல்மணி ஓசையிலே வந்தாயோ என்றோடி
வாடிநான் நிற்கின்றேன் வாராயோ அண்ணாவே

அதை உன் வீட்டில் வாசித்துவிட்டுத் தேத்தண்ணி புரையேறச் சிரித்தேன். ஜெர்மனியில் மணி அடிப்பது பார்சல்காரன், அவனுக்கு யார் ஓடுகிறார்கள் என்று கேட்டேன். நீயும்தான் சிரித்தாய்.

"எடி, சிரிச்சுக்கொண்டு வாசிச்சால் எல்லாம் பகிடிதான். இது வேற நேரத்துக்கு எழுதினது," என்றாய்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. மா பிசைந்த கையோடு ஓடினேன். வாசலில் சிவம் அண்ணை, சரிபார்க்கத் தாள்களோடு நின்றார். மேல் தாளிலேயே அந்த இரண்டு வரி. கீழே என் பெயர்.

ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் என்னைப் பிடித்து அறைந்தது. அன்றைய சிரிப்புக்கு நீ பழி வாங்குகிறாய் என்று தோன்றியது. தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். போதவில்லை. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து சுத்தியலை எடுத்துச் சுவரிலிருந்த மணியை அடித்தேன். அது உடைந்து வயரில் தொங்கிய பிறகும் அடித்தேன். உன்னை மோதியவனுடைய தலை என்று நினைத்துத்தான் அடித்தேன், அண்ணா. அவனுடைய தங்கையும் ஒருநாள் இப்படி ஓடட்டும் என்று சாபம் போட்டேன்.

சிவம் அண்ணை பயந்துபோய் நின்றார். சுத்தியல் என் கையிலிருந்து விழுந்த பிறகு குனிந்து தாள் துண்டுகளைப் பொறுக்கினார்.

"தங்கச்சி, இதை எடுத்துப்போட்டு வேற பாட்டுப் போடவோ?"

"வேண்டாம் அண்ணை. ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ. நான் இப்பத்தான் ஓடி வந்தனான்."

அப்படியே அடித்தார்கள். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் புத்தகம் கொடுத்தபோது, இங்கே பிறந்த இரண்டு பெட்டைப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கன்னத்தில் போடக் கை எழும்பியது. பிறகு இறக்கிவிட்டேன். அவர்களுக்கும் தமையன்மார் இருக்கிறார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும்.

என் மனுசன், உன் மச்சான், புது மணி பூட்டியிருக்கிறார். இதை உடைக்கமாட்டேன், சத்தியம். அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் திறப்பேன். பார்சல்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

ஓட்டம் நிற்காத
உன் தங்கச்சி