யார்டு சரிவிலிருந்து ஒரு படகு

பட்டினப்பாக்கம்,
ஞாயிறு காலை.

வர்ஷினி நைனாவுக்கு,

ரத்னா எழுதுவது. நானும் வர்ஷினியும் நன்றாக இருக்கிறோம். கொச்சியில் மழை விட்டதா? போனில் யார்டு என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வேலை பார்த்த படகு யார்டை மூடின அன்றைக்கு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கொச்சிக்கு வேலைக்குப் போனீர்கள். இப்போது அந்தப் பெரிய கேட்டே இல்லை. நீங்கள் வெல்டிங் பண்ணின ஷெட்டுக்குப் பெயிண்ட் அடித்து, டீக்கடை, பழைய போட்டோ கண்காட்சி எல்லாம் வைத்துவிட்டார்கள். படகு இறக்குகிற சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து அடையாறு முகத்துவாரத்தைச் சுற்றிக்காட்டப் படகு விடுகிறார்கள்.

கோபப்படாமல் படியுங்கள். அந்தப் படகை ஓட்டுவது நான்தான். பயிற்சி முடித்து லைசென்சும் வாங்கிவிட்டேன்.

முதல் நாளே கூத்து. கல்யாண போட்டோ எடுக்க தி.நகரிலிருந்து ஒரு ஜோடி போட்டோக்காரரோடு வந்தது. நடு ஆற்றில் படகு மணல் திட்டில் சிக்கிக்கொண்டது. நான் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கித் தள்ளினேன். மாப்பிள்ளையும் கோட்டோடு குதித்தார். பெண்ணோ உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்து, "இன்னா, சாப்டலையா? நல்லா தள்ளு" என்று சிரிக்கிறாள். ஒருவழியாகச் சேறும் சகதியுமாகக் கரை சேர்ந்தோம். மேனேஜர் நஸ்ருன்னிசா அக்கா முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அந்த ஜோடி, ஆல்பம் அட்டைக்கு இந்தச் சேற்றுப் போட்டோதான் என்று சொன்னதும் அக்காவுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

வர்ஷினி பள்ளிக்கூடம் விட்டதும் கண்காட்சிக்கு வந்துவிடுகிறாள். ஒரு போட்டோவில் முகமூடி போட்டு வெல்டிங் பண்ணுகிறவரைக் காட்டி, எங்க நைனா என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். அது உங்களோடு வேலை பார்த்த தணிகாசலம் அண்ணன் என்று நான் சொல்லவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் புதிதாக இரண்டு படகு கட்டப் போகிறார்களாம். "உன் வீட்டுக்காரர் இங்கதானே இருந்தாரு, வருவாரா?" என்று அக்கா கேட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வர இப்போதே டிக்கெட் எடுத்துவிடுங்கள். திரும்பிப் போகிற டிக்கெட்டை மட்டும் எடுக்க வேண்டாம். இங்கே வந்து, ஒரு தடவை என் படகில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் எடுக்கலாம்.

உங்கள்,
ரத்னா