இடுப்பில் செருகிய சீட்டு

என் கண்ணான பேத்திக்கு,

போனில் சொன்னால் தாத்தா பிடுங்கிக்கொண்டு தன் பக்கத்துக் கதையைச் சொல்வார். அதனால்தான் கடிதம்.

தாத்தாவின் தடுமாற்றம் வயதுக் கோளாறு என்று எல்லோரும் சொன்னபோது, "தாத்தா ஈரல் நோய்க்காரர், பாட்டி. உடனே டாக்டர்கிட்ட காட்டு" என்றவள் நீ ஒருத்திதான். என் பேத்தியல்லவா. டாக்டரும் அதையே சொன்னார். கெட்டுப்போன ஈரல் வடிகட்டாமல் விட்ட கழிவு தலைக்கேறி, மூளையில் ஒரு பக்கம் சொல்வது மறுபக்கத்துக்குப் போய்ச் சேரவில்லையாம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்த நாட்களில் என்னை யாரென்றே தெரியாமல் தாத்தா கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அதை விடு.

அந்தக் கழிவை வெளியேற்றும் மருந்து அவரைக் கழிப்பறைக்கு விரட்டுகிறது. டாக்டரைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார்.

தெளிந்துவிட்டாரா என்று பார்க்க, தினமும் சீட்டாடும்போது அவர் கண்ணெதிரே ஒரு சீட்டை இடுப்பில் செருகுவேன். மனிதர் வாய் திறக்கமாட்டார். ஜெயித்து ஜெயித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மாலையும் செருகினேன்.

"இடுப்புல என்னடி?"

"ஒண்ணுமில்லையே."

"நான் போட்டு இப்ப நீ எடுத்தியே இஸ்பேட் ராணி, அவ எங்க, குளிக்கப் போயிருக்காளா? எடு வெளிய, திருடி."

நான் கண்ணைத் துடைத்ததற்கு, "தோத்தா அழுவாங்களா?" என்று கேலி வேறு.

ஈரல் அப்படியேதான் இருக்கிறது, மருந்தை நிறுத்தக்கூடாது என்கிறார் டாக்டர். நிறுத்தவிடுவேனா? நாளைக்கும் நான் தோற்க வேண்டுமே.

இன்று எல்லா ஆட்டமும் தோற்ற,
உன் பாட்டி