கட்டிலா வெக்டர்

“கட்டிலா டீச்சர்? இதையும் வண்டியில ஏத்தவா?” என்று சற்று முன்பு சாமான் ஏற்ற வந்தவர் கேட்டார். பாவம், சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த முதல் சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. “ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு, காலியான வீட்டில் மிச்சமிருக்கும் நம் தேக்குக் கட்டிலில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன், சார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்ட ‘சார்’ அப்படியே நின்றுவிட்டது. நீங்களும் கடைசி வரை என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டீர்கள். பள்ளத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு, நீங்கள் இயற்பியல். நமக்குள் நகைக்கும் புடவைக்கும் சண்டை வந்ததில்லை. வெக்டருக்கு வந்தது.

பிளஸ் ஒன் கணக்கில் ‘கட்டிலா வெக்டர்’ என்று ஒன்று வரும். கட்டு இல்லாதது, எந்தப் புள்ளியோடும் கட்டிப்போடாதது என்று அர்த்தம். நீளமும் திசையும் மாறாமல் இருந்தால் போதும், அந்த அம்புக்குறியைக் கரும்பலகையின் எந்த மூலைக்கு நகர்த்தினாலும் அது அதே வெக்டர்தான். நான் அதை அத்தனை சந்தோஷமாக நடத்துவேன். மணி அடித்து நான் வெளியே வந்ததும் நீங்கள் உள்ளே போய், விசையும் வெக்டர்தான், ஆனால் அதை இஷ்டத்துக்கு இடம் மாற்றினால் பொருள் சுற்றிக்கொள்ளும் என்று ஆரம்பிப்பீர்கள்.

ஒருநாள் ஒரு பெண் எழுந்து, “எங்குட்டு வேணும்னாலும் நகத்தலாம்னு கணக்கு டீச்சர் சொன்னாகளே சார்” என்று கேட்டுவிட்டாள். நீங்கள் சொன்ன பதில் அடுத்த பீரியடுக்குள் எனக்கு வந்து சேர்ந்தது. “அவுகளுக்கென்ன, கட்டிலா பாயான்னு பாக்க மாட்டாக. எங்குட்டு விரிச்சாலும் தூங்கிருவாக.” வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு ரசம் மட்டும்தான் ஊற்றினேன். அதையும் ருசித்துக் குடித்தீர்கள்.

கோட்டையூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, நீங்கள் வருவதற்குள் நானே கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிடலாம் என்று மூலையைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினேன். நேராகப் போகாமல் கட்டில் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. காரை பெயர்ந்த இடம் இப்போதும் என் தலைக்கு மேலே தெரிகிறது. நீங்கள் வாசலில் நின்று சிரித்தீர்கள். “வெக்டர் அதேதான் டீச்சர். அதே பலம், அதே திசை. கை வச்ச எடந்தான் தப்பு.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கியும் வந்தீர்கள். “வேணும்னா விசை போற கோட்டுலயே முன்னப் பின்ன நகத்திக்க. கோட்ட விட்டு மட்டும் வெலக்காத.” நான் விடவில்லை. “அது உங்க பாடத்துக்கு. என் பாடத்துல எங்க வச்சாலும் ஒண்ணுதான்” என்றேன். முப்பது வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் டவுன் பஸ்ஸில் இறங்கி வந்து இந்தக் கட்டிலில் காலை நீட்டியதும் உங்களுக்கு ஒரு வசனம் உண்டு. “காலையில போனோம், பொறப்பட்ட எடத்துக்கே வந்தாச்சு. இடப்பெயர்ச்சி சைபர். பின்ன எதுக்கு டீச்சர் காலு வலிக்குது?” எத்தனை தடவை கேட்டு அலுத்திருக்கிறேன். மதுரை ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போய், பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்தோம். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, அந்த வசனத்தைச் சொல்லிவிடுவீர்கள் என்று முட்டாள் மாதிரி காத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இனித் தனியாக இருக்கக் கூடாது, பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். வரமாட்டேன் என்றேன். “நீங்க எங்க இருந்தாலும் அதே அம்மாதானம்மா. இதுல என்ன இருக்கு?” என்றான் போனில். என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவன். நான் நடத்திய பாடத்தை எனக்கே நடத்துகிறான். நீங்கள் இருந்தால், “டேய், எந்த எடத்துலங்கிறதுதான்டா எல்லாம்” என்று போனைப் பிடுங்கியிருப்பீர்கள். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவன் பயந்துபோனான். சரி, வருகிறேன் என்றேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி, சார். என்னைத் தூக்கி அங்கே வைத்தால் நான் சுற்றிக்கொண்டுதான் கிடப்பேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்கு வந்து, வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டார் போடாததையாவது உங்களிடம் புகார் சொல்வேன். அங்கே யாரிடம் போவேன்? கல்லறைத் திருநாளுக்கு உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற யார் இருக்கிறார்கள்? நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? “அப்பாடா, ஒருவழியா ஒத்துக்கிட்டாக” என்று சிரிக்க ஆளில்லை. இந்த வீட்டில் இனி எனக்கு எதிர்க்கட்சியே இல்லை.

டீ குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டார்கள். எழுந்து, சன்னல் கட்டையில் தாளை வைத்து மிச்சத்தை எழுதுகிறேன். பையன் ஃப்ளாட்டில் இந்தக் கட்டிலுக்கு இடமில்லை. வீட்டு ஓனருக்கு இன்றைக்கே வீடு காலியாக வேண்டும்.

“டீச்சர், கட்டில எங்குட்டுக் கொண்டுபோறது? பெங்களூருக்கா, இல்ல இங்கனக்குள்ள யாருக்கும் குடுக்குறீகளா?”

சுவர்ப் பக்கம் நீங்கள் படுப்பீர்கள். அந்தப் பக்கத்துப் பலகை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“எங்குட்டு வேணும்னாலும் வைங்கய்யா. எங்க வச்சாலும் ஒண்ணுதான்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என் கட்சி, சார். முப்பது வருஷம் உங்களோடு மல்லுக்கட்டி நான் பேசிய அதே வார்த்தை. கட்டியிருந்த புள்ளி போய்விட்டது. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பது இன்றைக்கு நிஜமாகிவிட்டது. இந்த ஜெயத்தைத்தான் தூக்கிக்கொண்டு வண்டி ஏறப்போகிறேன். இப்படி ஜெயிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, சார்.