விளிம்பு மடிக்காத கிண்ணங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், பக்கத்து வீட்டு நாய் சுகம், பட்டறை மட்டும் பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. உன் சித்தப்பா தாடையில் கம்பி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். ஆலயத்தில் கூட்டம் நெருக்கியதில் படியில் விழுந்துவிட்டான் என்று அம்மா போனில் சொன்னாள் அல்லவா, அவள் மேல் கோபப்படாதே, அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடந்தது வேறு. அதைப் போனில் சொன்னால் நான் நடுவில் கத்திவிடுவேன், நீ அழுவாய், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி.

ஆரம்பித்து வைத்தவள் நீதான். குறையாகச் சொல்லவில்லை, நீ செய்தது நல்ல காரியம். போன வருஷம் லீவில் வந்தபோது, திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க ஒரே வெள்ளிப் பாத்திரம் அத்தனை வாய்க்கும் போய்வருவதையும் போதகர் ஒரே துணியால் விளிம்பைத் துடைத்துத் துடைத்து அடுத்தவருக்கு நீட்டுவதையும் பார்த்தாய். நர்ஸ் வேலை பார்க்கிற கண் சும்மா இருக்குமா, நேரே போதகரிடம் போய் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைக்கக்கூடாதா ஐயா என்று கேட்டுவிட்டாய். அவர் உடனே என்னைத்தான் பார்த்தார், சபையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான்தானே. எனக்கு அப்போது நினைவுக்கு வந்தவர் நம் மணியடிக்கிறவர். காசநோய் வந்து, மருந்தையெல்லாம் ஒழுங்காக முடித்து, சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று டாக்டரே எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர் வாய் வைத்த பாத்திரத்தில் நாங்கள் எப்படிங்க குடிக்கறது என்று பொருளாளர் ஒருநாள் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த மனுஷன் திருவிருந்து நேரத்தில் மணிக்கூண்டுக்கு அடியில் போய் நின்றுகொள்வார். தனிக் கிண்ணம் வந்தால் அவரும் மேசைக்கு வரலாமே என்றுதான் நான் ஒப்புக்கொண்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்பட ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தேன், கொதிக்கிற நீரில் போட்டால் சுருண்டது. ஒருமுறை குடித்துவிட்டுக் கடாசிவிடலாம் என்றால், ஆண்டவருடைய ரசம் பட்டதைக் குப்பைக்கூடையில் போட மனசு வராது என்றார் போதகர். அப்புறம் கண்ணாடி. பத்துக் கிண்ணம் மாதிரிக்கு வரவழைத்துச் சபைக் கமிட்டியில் வைத்தேன். பொருளாளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது கோயிலா மருந்துக்கடையா என்று கேட்டு அப்படியே தரையில் போட்டு உடைத்தார். அந்த வெள்ளிப் பாத்திரம் அவருடைய தாத்தா கொடுத்தது, அதில் பேர் வெட்டியிருக்கிறது, அதனால் வந்த ஆங்காரம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று உனக்குத் தெரியும். சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டேன், இரண்டு பொத்தான் தெறித்தது. போதகர் நடுவில் விழுந்து பிரித்தார். மறுநாள் பட்டறை ஜன்னலுக்குள் ஒரு கல் வந்து லேத் மேல் விழுந்தது. நான் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடினேன், யாரும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை ஜெயிலிலிருந்து எழுதியிருப்பேன்.

கடைசியில் எவர்சில்வர். இரண்டு டீஸ்பூன் ரசம் கொள்ளும் அளவு, ஒரே தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தது, ஒட்டு கிடையாது, உள்ளே அழுக்கு தங்க மூலை கிடையாது, இருபது நிமிஷம் கொதிக்க வைத்தாலும் ஒன்றும் ஆகாது. நாற்பது ஓட்டை போட்ட கனத்த தட்டில் வரிசையாக உட்காரும். பார்த்தால் உனக்கே ஆசையாக இருந்திருக்கும். ஆனால் அழுத்தி எடுத்த கிண்ணத்தின் வாயை லேத்தில் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத பிசிறு பிளேடு மாதிரி நிற்கும், அதற்காக விளிம்பை வெளிப்பக்கமாக மடிக்க வேண்டும். அண்ணா, மடிக்கிறதுக்குத் தனி அச்சு செய்யணும், இன்னும் ரெண்டு வாரம் குடு என்று சித்தப்பா கேட்டான். நான் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிறு கிண்ணம் வரும் என்று நான்தான் கமிட்டியில் மார்தட்டியிருந்தேன், பொருளாளர் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே இருந்தது. முந்நூறு கிண்ணத்தையும் நானே உட்கார்ந்து கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவி, பிசிறு இல்லை, போ, பிசிறு இல்லை, போ என்று தள்ளினேன். நாற்பது வருஷம் இரும்புத் தூளில் ஊறின விரல் பாப்பா, செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது, சூடான பாத்திரத்தையே வெறுங்கையால் தூக்குகிறேன். அதற்குப் பிசிறு எங்கே தெரியப்போகிறது? அம்மா வந்து, ஒண்ணு குடுங்க, நானும் தடவிப் பாக்கறேன் என்றாள். உனக்கு என்ன தெரியும், போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். சித்தப்பா எதிரில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அண்ணன் ஒருதரம் சொல்லிவிட்டால் அவன் மறுபேச்சு பேச மாட்டானே.

ஞாயிற்றுக்கிழமை முதல் கிண்ணம் மணியடிக்கிறவருக்குத்தான் என்று நான் போதகரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் முழங்கால் போட்டார். ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று கிண்ணத்தை உதட்டோடு அழுத்தி, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி உறிஞ்சினார். இப்படி ஒருத்தர் குடிப்பார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்தபோது கீழுதடு வெட்டுப்பட்டு, ரத்தம் தாடையில் வழிந்து வெள்ளைச் சட்டை முழுக்க இறங்கியது. அவருக்கே தெரியவில்லை, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பெண் வீரிட்டாள். பொருளாளர் எழுந்து, பாருங்க, வாயிலேர்ந்து ரத்தம் கக்கறான், நோய் போகவே இல்ல, நம்மளையெல்லாம் ஏமாத்திட்டாங்க என்று கத்தினார். அவ்வளவுதான். பின்வரிசை ஆண்கள் நாலைந்து பேர் பாய்ந்து வந்து அவரைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். ஒருத்தன் விலாவில் மிதித்தான், ஒருத்தன் பாட்டுப் புத்தகத்தால் தலையில் அடித்தான். பெண்களும் பிள்ளைகளும் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள், அம்மாவும் அந்த நெரிசலில் போய்விட்டாள். நான் ஏந்தியிருந்த தட்டு சரிந்து கிண்ணமெல்லாம் தரையில் உருண்டது, காலில் மிதிபட்டது, திராட்சை ரசமும் ரத்தமும் கலந்து தரை வழுக்கியது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் என் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். நிறுத்துங்கடா, இது நோயில்லை, என் கிண்ணம் வெட்டினது என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அடி நின்றிருக்கும். வாய் வரவில்லை, கைதான் வந்தது. கையில் இருந்த காலித் தட்டை வீசிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். ஒருத்தன் தோளில் விழுந்தது, இன்னொருத்தன் மூக்கு உடைந்தது, பொருளாளர் பலிபீடத் துணியைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தார். கண்மண் தெரியவில்லை. அப்போது சித்தப்பா பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தான். காதுக்குள் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, அண்ணா விடு, பிசிறு இருக்கு, தப்பு நம்மளுது என்றான். உன் தப்பு என்று சொல்லவில்லை பாப்பா, நம்மளுது என்றான். நான் திரும்பி அந்தத் தட்டின் ஓரத்தால் அவன் முகத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டத்தில் கை தவறிப் பட்டது என்று சொல்லலாம், யாரும் பார்க்கவில்லை. இல்லை, யார் என்று பார்த்துத்தான் அடித்தேன். வாயை மூடவேண்டும் என்றுதான் அடித்தேன்.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, மூன்று பல் போய்விட்டது, ஆறு வாரத்துக்குக் கம்பி. பாலும் சூப்பும் உறிஞ்சுகுழலில் போகிறது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது ஒரு காகிதம் வாங்கி, நெரிசலில் படியில் விழுந்துவிட்டேன் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். இப்படியே ஆறு நாள் போனது. மணியடிக்கிறவருக்கு இரண்டு விலா எலும்பில் கீறல், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சளியைப் பரிசோதித்து நோய் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள், யார் நம்புகிறார்கள்? அவரை வேலையிலிருந்து நீக்கி, ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற அறையையும் காலி பண்ணச் சொல்லவேண்டும் என்று பொருளாளர் அறுபது கையெழுத்து வாங்கிவிட்டார். என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் வாயை நான் உடைத்துவிட்டேன், இன்னொருத்தன் வாயைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது.

சனிக்கிழமை கூட்டம். மணியடிக்கிறவர் கடைசி பெஞ்சில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரைச் சுற்றி மூன்று வரிசை காலி. கையெழுத்துத் தாளைப் போதகர் வாசிக்கத் தொடங்கினார். அந்தக் குரல் கேட்டதும் என்ன ஆயிற்றோ, எழுந்து முன்னால் போனேன். பையில் மிதிபடாத கிண்ணம் ஒன்று வைத்திருந்தேன். எல்லாரும் பார்க்க அதை என் உதட்டில் அழுத்தி, அவர் செய்த மாதிரியே ஒரு சுற்றுச் சுற்றினேன். ரத்தம் மேசையில் கையெழுத்துத் தாள் மேலேயே சொட்டியது. பாத்துக்கோங்க, எனக்கும் நோய்தான் என்றேன். பொருளாளருக்கு முகம் செத்துவிட்டது. பிறகு விளிம்பு மடிக்காததையும், தம்பி தடுத்ததையும், அவனை அடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். நான் மணியடிக்கிறவரிடம் போய் மன்னிச்சிடுங்க என்றேன். அவர் ரொம்ப நேரம் என் உதட்டையே பார்த்துவிட்டு, ஆறு நாள் ஆச்சுங்களே என்றார். தாளைப் போதகர் கிழித்துப்போட்டார், அறை மணியடிக்கிறவருக்கே இருக்கிறது. ஆனால் இந்த ஞாயிறு அவர் மணியடிக்க வரவில்லை, நான் வணக்கம் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

திங்கட்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என்னைச் சாயங்காலம்வரை உட்கார வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார். உன் சித்தப்பா மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறான். விழுந்தேன், அண்ணன் அடிக்கவில்லை, அவருக்கு மனசு சரியில்லை, ஏதாவது உளறுவார், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. அடி வாங்கினவரே விழுந்தேங்கறார், நான் என்னத்தய்யா எழுதறது, எழுந்து போங்க என்று இன்ஸ்பெக்டர் விரட்டிவிட்டார். என் மண்டையை அந்த மேசையில் மோதிக்கொள்ளலாம் போல வந்தது. அம்மா எனக்குச் சமைத்து வைக்கிறாள், பேசுவதில்லை, பகலெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நேற்று நான் போனபோது சித்தப்பா கட்டிலில் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டான். உட்கார முடியவில்லை, ஓடி வந்துவிட்டேன்.

நீ லீவு போட்டு ஓடிவராதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து நடந்து வராதே, கோபம் வந்தால் கையில் இருப்பதை முதலில் கீழே வை, என் ரத்தம்தானே உனக்கும். சித்தப்பாவுக்குப் போன் பண்ணு, அவனுக்குப் பதில் பேச வராது, நீயே பேசிக்கொண்டிரு, கேட்டுக்கொண்டிருப்பான். கிண்ணத்துக்கு விளிம்பு மடிக்கிற அச்சை அவன்தான் செய்யவேண்டும், அதுவரை பிரஸ்ஸில் நான் கை வைக்கமாட்டேன். கர்த்தர் உன்னைக் கண்மணி போல் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. உனக்கும் அவன் விழுந்ததாகத்தான் எழுதுவான், அண்ணன் தங்கம் என்றுகூட எழுதுவான். இங்கே யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. நீயாவது அவனை நம்பாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பாவை அடித்த
அப்பா